வழிகாட்டுவோன் வாளா இருப்பின்

மக்கள் தம் வாழ்க்கையிற் கண்டு போற்றும் உதவிகள் சில. காணாமலே பெற்றுக்கொள்ளும் உதவிகள் பல. பசித்த வேளையிற் சோறிட்டவரை நாம் நெடுநாள் நினைக்கின்றோம். அச்சோறிடும் வீடு இன்ன தெருவில் இன்ன பக்கத்தில் உள்ளது என்று கைகாட்டி அனுப்பியவரை அத்தெருமுனையிலேயே மறந்துவிடுகின்றோம். பண்டைத் தமிழ்ப் புலவர் அங்ஙனம் மறந்தாரல்லர். வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீள்வோன், வழியில் எதிர்ப்பட்ட வறியோனுக்கு, அவ்வள்ளல் இருக்கும் ஊரும் அதற்குச் செல்லும் நெறியும் எடுத்துரைத்து விடுப்பதனையே ஆற்றுப்படை என ஒரு தனித்துறையாக வகுத்தனர். பத்துப்பாட்டினுட் பாதி ஆற்றுப்படையே ஆதல் யாவரும் அறிந்தது. அவற்றுட் பெரும்பாணாற்றுப்படை, நாம் வாழும் இத்தொண்டைநாட்டின் தலைநகராகிய காஞ்சியில் இருந்த இளந்திரையனிடத்துப் பாணனை ஆற்றுப்படுத்துவது. வழி கூறும் பாணன் தன் கையினின்று ஒரு காசும் கொடுப்பானல்லன். எனினும் அவன் வாய் திறவாதிருப்பின், வள்ளலின் களஞ்சியம் நிறைந்து கிடப்பினும், வறிய பாணனின் பசி தீருமாறில்லை.

இவ்வுண்மையை வகுப்பறையிற் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும், கொடுப்போன் நலமாக இருக்க, கொள்வோனும் நலமாக இருக்க, இடைநின்று வழிகூறுவோன் ஒருவன் வாளா இருந்தமையால் ஒரு பட்டறை முழுதும் கலங்கி நின்ற காட்சியைச் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம்மூரிலே நேரிற் கண்டோம். அதனை நண்பர்க்கு எடுத்துரைத்தலும், அதன்வழி யாம் உணர்ந்த சிலவற்றை ஆராய்தலுமே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறித் துறைச் சொற்கள் சில இடையிடையே வரும். தமிழ் பயிலும் மாணவர் கட்டுரையில் அவை எற்றுக்கு என்று வினவுவோர் உளராயின், இன்று அவை கடைத்தெருவிலும் வழங்குஞ் சொற்களாய்விட்டன என்பதே எமது விடை.

சென்னை மாநகரின் மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே, திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது மண்ணூர்பேட்டை. 1960-ஆம் ஆண்டுகளில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அதன் அண்டையிலேயே பரந்து கிடக்கின்றது. ஆதலின் எம்மூரார்க்கு இரும்பு கடையும் ஓசை, பிறவூரார்க்குப் புள்ளொலி போன்றது. அஃது எழாத நாளே விடுமுறை நாள் என்று சிறாரும் அறிவர். எந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்து வருகின்றார். பெரிய தொழிற்சாலைகட்கு வேண்டிய சிறு உறுப்புக்களைக் கடைந்து கொடுப்பது அப்பட்டறையின் தொழில். நாற்பதின்மர் அதனை நம்பி வாழ்கின்றனர்.

முன்னாளில் அங்கே வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் தடித்த அட்டையிட்ட பேரேடுகளாக இருந்தன. அவற்றைக் காண விழைவோர் அலமாரியைத் திறந்தாற் போதும். இந்நாளில் அவ்வலமாரி கணிப்பொறியாகிவிட்டது. அப்பட்டறையில் உள்ள கணிப்பொறிகள் ஐந்து. முதலாளியின் அறையை ஒட்டிய சிற்றறையில் இருப்பது சர்வர் என்று வழங்கும் தலைமைக் கணிப்பொறி. வருகை, சம்பளம், சரக்கு வரவு, விற்பனைப் பட்டியல் ஆகிய கணக்கெல்லாம் அதன்கண் அமைந்த தரவுத்தளத்திலேயே சேமிக்கப்பெறும். ஏனைய நான்கும் தம்முட் கணக்கொன்றும் வையா. வேண்டும்போது வலைக்கம்பி வழியே சர்வரை அணுகி, கேட்டுப் பெறும். தரவுத்தளத்தை வள்ளல் என்று கொண்டால், இந்நான்கும் இரவலர் ஆவர்.

இனி, இவ்விரவலர் அவ்வள்ளலை அணுகும் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணிட்ட வாயில்கள் பல்லாயிரம் உண்டு. அவற்றைப் போர்ட் என்பர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஆக்கிய எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருள், தனிப்பெயரின்றி நிறுவப்பெற்றதாயின், வழக்கமாக 1433 என்னும் வாயிலில் அமர்ந்திருக்கும். அதனைத் தேடுவோர்க்கு மயக்கம் இல்லை. ஆனால் ஒரே கணிப்பொறியில் அம்மென்பொருளைப் பல முறை, ஒவ்வொன்றற்கும் வெவ்வேறு பெயரிட்டு நிறுவுதலும் கூடும். அங்ஙனம் பெயரிட்டு நிறுவிய ஒவ்வொன்றையும் இன்ஸ்டன்ஸ் என்பர். அத்தகையதற்கு நாம் வாயில் குறித்துக் கொடாவிடின், அது தொடங்கும்போது வெறுமையாக உள்ள ஓர் எண்ணைத் தானே பற்றிக்கொள்ளும். மறுமுறையும் அதனையே நாடும். அதனைப் பிறிதொன்று கைக்கொண்டிருப்பின் வேறெண்ணுக்கு மாறிவிடும். வாடகை வீட்டில் வாழும் வள்ளல் என்று வைத்துக்கொள்வோம். பெயர் தெரியும், தெருவும் தெரியும், கதவிலக்கம் மட்டும் உறுதியில்லை.

இக்குறையை நீக்கவே எஸ்.கியூ.எல். சர்வர் பிரவுசர் என்னும் சிறு துணைச்சேவை ஒன்று அதனுடன் வைக்கப்பெற்றுள்ளது. அது யூ.டி.பி. 1434 என்னும் வாயிலில் நின்றுகொண்டிருக்கும். வருங் கணிப்பொறி, “இன்ன பெயருடைய இன்ஸ்டன்ஸ் எங்கே உளது?” என்று வினவ, “இன்ன எண்ணுடைய வாயிலில் உளது” என்று அது விடை கூறும். அவ்வளவே அதன் பணி. கணக்கினுள் ஓரெழுத்தும் அது தொடாது. கணக்கைக் கொணர்ந்து கொடுப்பதும் அதன் வேலையன்று. வழி கேட்டவர் வாயிலை அடைந்த பின்னர் அதனைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

நிற்க. சம்பள நாளாகிய ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணியளவிற் கணக்கெழுதும் அக்கா தம் கணிப்பொறியைத் திறந்தார். சம்பளப் பட்டியல் வரவில்லை. நெடுநேரம் சுழன்று, இறுதியில் ஒரு பிழைச்செய்தி தோன்றியது. மூடித் திறந்தார், கணிப்பொறியையே நிறுத்தித் தொடங்கினார், பயனில்லை. அதே வேளையிற் சரக்கறைக் கணிப்பொறியோ தடையின்றிச் சரக்கு வரவைப் பதிந்துகொண்டிருந்தது. ஆகவே, “ஸ்டோர்ஸில் ஓடுகிறதே, இங்கே மட்டும் என்ன கேடு? நேற்று எதையோ தொட்டிருக்கிறாய்” என்ற சொல் எழுந்தது. பின்னர் முதலாளி தம் அறைக் கணிப்பொறியைத் திறக்க, அதுவும் அவ்வாறே நின்றது. அப்பொழுதாயினும் அவ்வக்காவின்மேல் வைத்த ஐயம் நீங்கியிருத்தல் வேண்டும், நீங்கவில்லை. “தன் கணிப்பொறியை மட்டுமன்று, சர்வரையே கெடுத்துவிட்டாள்” என்று அது வளர்ந்தது. காரணம் அறியாத இடத்திற் பழி எளியவரையே நாடிச் செல்லும் என்பதை அன்று கண்டோம்.

அம்மென்பொருளைப் பராமரிப்போர்க்குத் தொலைபேசியிற் சொல்லப்பட்டது. அவர்கள் நேரில் வந்து பாராமலே, “சர்வர் கெட்டிருக்கும், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுதலே வழி, திங்கட்கிழமை வருகிறோம்” என்றனர். நீக்குவதாயின் முன்னமே எடுத்துவைத்த படி ஒன்று வேண்டுமன்றோ? பேக்கப் எனப்படும் அப்படி பத்தொன்பது நாட்களுக்கு முந்தியதாய் இருந்தது. பத்தொன்பது நாள் வருகை, மிகுநேர வேலைக்கணக்கு, சரக்கு வரவு யாவும் அழிந்தொழியும். அன்று மாலை ஊதியம் வாங்க நாற்பதின்மர் காத்திருந்தனர். எந்தையார் அவருள் ஒருவர். மறுநாள் ஞாயிறு. வீட்டு வாடகை கொடுக்க வேண்டியோரும், பிள்ளைகட்குப் பள்ளி திறக்குமுன் நூல் வாங்க வேண்டியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

எம் பெரியப்பா மகனார் ஒருவர் அண்டைப் பட்டறைகளிற் கணிப்பொறி பழுது பார்ப்பவர். எந்தையார் சொல்லியனுப்ப, அத்தமையனார் வந்தார். விடுமுறையில் அவரோடு பையைச் சுமந்து திரிந்த யாமும் உடன் சென்றோம். அவர் செய்த ஆராய்ச்சி ஒரு மணி நேரத்துள் முடிந்தது. ஆனால் அதன் ஒழுங்கை நினைக்குந்தோறும், உரையாசிரியர் ஒரு பாடத்தின் பொருளைத் தேறும் முறையே எம் மனத்தில் தோன்றுகின்றது.

வந்தவர் முதலில், “எது ஓடவில்லை?” என்று கேளாமல், “எவையெல்லாம் ஓடுகின்றன?” என்று கேட்டார். சரக்கறைக் கணிப்பொறி ஓடுகின்றது என்றனர். அதனை எப்போது தொடங்கியது என்றார். இரவுப் பணியின் பொருட்டு அஃது முந்திய நாளிலிருந்தே நிறுத்தப்படவில்லை என்று தெரியவந்தது. “அப்படியானால், அது நேற்றுத் திறந்த இணைப்பை இன்றும் விடாமற் பற்றியிருக்கிறது. உள்ளே சென்றுவிட்டவர்க்கு வழி கேட்க வேண்டியதில்லை, இன்று புதிதாக வருவோர்க்கே இடர்” என்றார். “அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்” என்றும் கூறினார். நிறுத்தியிருப்பின் அதுவும் வெளியே நின்றிருக்கும். ஒரு சான்றும் மறைந்திருக்கும்.

அடுத்து, அக்காவின் கணிப்பொறியிலிருந்து பிங் என்னும் கட்டளையால் சர்வரை விளித்தார். அது மறுமொழி கூறிற்று. ஆகவே கம்பியும் வலையும் நலமே. பின் சர்வர் இருக்கும் அறைக்குச் சென்று, அதன் முன் அமர்ந்தே தரவுத்தளத்தைத் திறந்தார். அது உடனே திறந்தது. முந்திய நாள் வரை உள்ள கணக்கு ஒரு வரியும் குறையாது இருந்தது. சர்வருக்குள்ளிருந்தே அணுகுவோர்க்கு வலையும் வாயிலும் வேண்டா. ஒரே வீட்டில் இருப்போர் தெருவைச் சுற்றி வரவேண்டாமையை ஒக்கும் இது. “அண்ணே, கணக்கு இருக்கிறதா?” என்று அவ்வக்கா கதவருகே நின்று கேட்டார். “எல்லாம் இருக்கிறதம்மா” என்ற விடை கேட்டவுடன் அவர் நெடுமூச்செறிந்தது இன்றும் எம் நினைவில் உள்ளது.

மூன்றாவதாக, யாவரும் கண்டும் படியாது விட்ட பிழைச்செய்தியை அவர் படித்தார். குறித்த சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ கண்டறிய இயலவில்லை என்ற பொருளில், 26 என்னும் எண்ணோடு அது நின்றது. கடவுச்சொல் பிழையாயிருப்பின் 18456 என்னும் வேறு எண் வரும். அது வள்ளலின் வாயிலை அடைந்தபின் உள்ளே விடாமையைக் குறிக்கும். 26 என்பதோ வாயிலே இன்னதெனத் தெரியாமையைக் குறிக்கும். இரண்டிலும் பயன் கிட்டாமை ஒன்றே. ஆயினும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஒரு சொல்லின் பொருளை நுணுகி நோக்காது உரை கூறுவோர் எவ்வளவு பிழைபடுவர் என்பதை இலக்கிய மாணவராகிய நமக்கு எடுத்துரைக்க வேண்டா.

நான்காவது, தரவுத்தளம் தான் தொடங்கிய வேளையில் எந்த வாயிலில் அமர்ந்தேன் என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. அக்குறிப்பேட்டைத் திறந்து, 50217 என்னும் எண்ணைக் கண்டார். அக்காவின் கணிப்பொறிக்கு மீண்டு, சர்வரின் பெயரை அடுத்து ஒரு காற்புள்ளியும், அதனை அடுத்து அவ்வெண்ணும் இட்டு இணைப்பைச் சோதித்தார். கண்ணிமைக்கும் முன் இணைந்தது. வள்ளல் நலம், வழி நலம், இரவலர் நலம். கதவிலக்கம் சொல்வோன் ஒருவனே வாய்மூடியிருக்கின்றான் என்பது ஐயந்திரிபறத் தெளிவாயிற்று.

ஐந்தாவதாகச் சர்வரிற் சேவைகளின் அட்டவணையைத் திறந்தார். தரவுத்தளச் சேவை ஓடிக்கொண்டிருந்தது, பிரவுசர் நின்றிருந்தது. நின்றிருந்ததோடன்றி, தொடங்கவொண்ணாதவாறு முடக்கவும்பட்டிருந்தது. முடக்கிய சேவையைத் தொடங்கென்று ஏவினால் 1058 என்னும் பிழையே வரும். முதலில் முடக்கத்தை நீக்கித் தானே தொடங்குமாறு அமைத்தல் வேண்டும். அவ்வாறு அமைத்துத் தொடங்கினார். ஃபயர்வால் என்னும் காவற்சுவர் யூ.டி.பி. 1434 வாயிலை அடைத்துளதோ என்பதையும் பார்த்தார், அடைக்கவில்லை. அக்கா தம் கணிப்பொறியிற் சம்பளப் பட்டியலைத் திறந்தார். நாற்பது பெயரும் வரிசையாக வந்து நின்றன.

இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது; அஃது அவ்வக்காவின் நற்பெயர். சர்வரின் நிகழ்ச்சிப் பதிவேட்டில், பிரவுசர் சேவை முடக்கப்பெற்ற நேரம் முந்திய நாள் மாலை 6 மணி 42 நிமிடம் என்று பதிந்திருந்தது. அவ்வக்கா வீடு திரும்பியதோ ஐந்தரை மணிக்கு. மாலையில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இட வந்த பணியாளர் ஒருவர், பாதுகாப்பின் பொருட்டு, வேண்டாதன என்று தாம் கருதிய சேவைகளை நிறுத்திச் சென்றிருந்தார். அப்பொழுது சரக்கறை இணைப்பு அறாமையால் ஒருவர்க்கும் ஒரு வேறுபாடும் தோன்றவில்லை. தமையனார் அப்பதிவை முதலாளிக்குக் காட்டினார். முதலாளி ஒன்றும் கூறவில்லை; தேநீர் வரவழைத்து, முதற் குவளையை அவ்வக்காவிடம் கொடுக்கச் செய்தார். மாலை ஐந்து மணிக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

அற்றேல், அச்சேவையை நிறுத்தியவர் அறிவிலியோ எனின், அன்று. அவர் செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எஸ்.கியூ.எல். சர்வரின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், 1434 வாயிலில் நின்று வழி கூறும் பணியைத் தரவுத்தளமே செய்து வந்தது. அப்பகுதியில் இருந்த ஒரு குறையைப் பற்றிக்கொண்டு, 2003 ஜனவரி 25-ஆம் நாள் ஸ்லாமர் என்னும் புழு உலகெங்கும் பரவியது. அதன் உடல் 376 பைட் அளவினது. ஒரே பொதியில் அடங்குவது. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை அது இரட்டித்தது. தாக்கத்தக்க கணிப்பொறிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறைப் பத்து நிமிடத்துள் பற்றியது. ஏறத்தாழ 75,000 கணிப்பொறிகள் அதன் வாய்ப்பட்டன. தென்கொரியாவில் இணையம் தடுமாறியது. அமெரிக்க வங்கியொன்றின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல செயலற்றன. அக்குறைக்குரிய திருத்தம் 2002 ஜூலை மாதத்திலேயே வெளியாகியிருந்தும், அதனை இட்டுக்கொள்ளாதவர் பலர். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் வழிகூறும் பணி தரவுத்தளத்தினின்று பிரிக்கப்பட்டுப் பிரவுசர் என்னும் தனிச்சேவையாயிற்று. இவற்றை அறிந்தோர் 1434 வாயிலைக் கண்டால் அஞ்சுதல் இயல்பே. எவர் வினவினும் விடை கூறும் வழிகாட்டி, கள்வனுக்கும் வழி காட்டிவிடக்கூடுமன்றோ?

ஆதலின், வழிகாட்டியை நிறுத்தியது தவறன்று. அவனை நம்பி நின்றோர் யாவர் என்று வினவாமலும், ஒருவர்க்கும் அறிவியாமலும் நிறுத்தியதே தவறு. தமையனார் அடுத்த வாரம் மீண்டும் சென்றார். வாடகை வீட்டில் இருந்த வள்ளலுக்கு நிலையான கதவிலக்கம் ஒன்றை வகுத்தார். அதனை நான்கு கணிப்பொறிகளின் அமைப்பிலும் எழுதினார். அவ்வாயில் ஒன்றையே பட்டறை வலைக்குத் திறந்துவைத்தார். சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, நான்கும் இணைதலைச் சோதித்தார். அதன் பின்னரே பிரவுசரை நிறுத்தினார். இறுதியில், என்ன செய்யப்பட்டது, எந்நாளில், எக்காரணத்தால் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்து அதனைச் சர்வரின் பக்கத்திலேயே வைத்தார். முன்னவரும் பின்னவரும் செய்த செயல் ஒன்றே. இருவரும் அதே சேவையை நிறுத்தினர். ஒன்று நாற்பது குடும்பத்தைக் கலக்கியது; மற்றொன்றை ஒருவரும் உணரவில்லை.

இஃது ஒரு சிறு பட்டறைக்கு மட்டும் உரிய இடர் என்று கருதற்க. பேரளவில் நிகழ்ந்தனவும் உள. 2021 பிப்ரவரி 24-ஆம் நாள், மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11 மணி 40 நிமிடத்திற்கு வணிகம் நிறுத்தப்பட்டது. பங்குகளை வாங்குவோரையும் விற்போரையும் பொருத்தும் பகுதி ஓடிக்கொண்டேயிருந்தது. தொலைத்தொடர்பு இணைப்புக்களில் எழுந்த கோளாற்றால், இடர் கணிக்கும் துணையமைப்புக் கிட்டாமற் போயிற்று. அத்துணையின்றி வணிகம் நடத்துதல் தகாதென நிறுத்தினர். மீண்டும் 3 மணி 45 நிமிடத்திற்கே தொடங்கி, 5 மணி வரை நடத்தினர்.

பட்டறையிற் கண்டதற்கு இன்னும் நெருங்கிய நிகழ்ச்சி 2025 அக்டோபர் 20-ஆம் நாள் நிகழ்ந்தது. நமக்கு அது தீபாவளி நாள். நண்பகல் 12 மணி 18 நிமிடம் அளவில், அமேசான் நிறுவனத்தார் அமெரிக்காவின் வடக்கு வர்ஜினியாப் பகுதியில் நடத்தும் டைனமோடிபி என்னும் தரவுத்தளம் எவர்க்கும் எட்டாததாயிற்று. தரவுத்தளம் அழிந்ததோ எனின், இல்லை. அதன் பெயரைக் கேட்டு முகவரி கூறும் டி.என்.எஸ். என்னும் பெயர்ப்பதிவே வெறுமையாகிவிட்டது. அப்பதிவைப் புதுப்பிக்கும் தானியங்கிப் பகுதிகள் இரண்டு ஒன்றையொன்று முந்திச் செயற்பட்டமையால், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எஞ்சவில்லை. பதிவு பிற்பகல் 2 மணி 55 நிமிடம் அளவிற் சீர்ப்பட்டது. ஆயினும் அத்தரவுத்தளத்தைச் சார்ந்த பிற சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி, முற்றும் சீர்ப்பட நம் நாட்டில் நள்ளிரவு கடந்தது. ஸ்னாப்சாட், சிக்னல் முதலியவற்றால் வாழ்த்தனுப்ப முயன்ற நண்பர் சிலர் அன்று தம் கைப்பேசியையே குறை கூறினர். எம் பட்டறையில் அவ்வக்காவைக் குறை கூறியதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? கண்ணெதிரே நிற்பதனைப் பழித்தல் இரண்டிடத்தும் ஒக்கும்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, இலக்கண நூலார் இடைச்சொல்லுக்குக் கூறிய இயல்பே எமக்கு நினைவுக்கு வருகின்றது. இடைச்சொல் தனித்து நடவாது. பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும் என்பர். ‘முருகன் கண்ணனை அழைத்தான்’ என்னுந் தொடரில் ‘ஐ’ என்னும் உருபு ஓரெழுத்தே. அதற்குத் தனியே ஒரு பொருளைச் சொல்லுக என்றால் சொல்லுதல் அரிது. ஆனால் அதனை நீக்கிப் பாருங்கள். முருகனும் உளன், கண்ணனும் உளன், அழைத்தலும் உளது. அழைத்தவன் யார், அழைக்கப்பட்டவன் யார் என்பதே இல்லை. பொருள் பெயரிலும் வினையிலும் உள்ளது. பொருளுக்குச் செல்லும் வழியோ உருபில் உள்ளது. அதனைச் சிறிதென்று நீக்குவோர் பெரியதனையே இழப்பர்.

ஆகவே இளைஞராகிய நாம் இரண்டு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. ஒன்று, ஒரு பொருள் கிட்டாதபோது, அப்பொருளே அழிந்தது என்று உடனே துணிதலாகாது. பொருள் உள்ளதா, அதற்குச் செல்லும் வழி உள்ளதா, அவ்வழியைக் கூறுவோன் உளனா என்று ஒவ்வொன்றாக வினவுதல் வேண்டும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைப்போம் என்று எழுவோர், வழிகாட்டி ஒருவன் உறங்கியதற்காக வள்ளலின் மாளிகையை இடிப்போரை ஒப்பர். இவ்வறிவுரை கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. பழந்தமிழ்ச் சுவடிகளைப் படிக்க இயலாமையால் அவற்றிற் பயனில்லை என்று விட்டோரும், பின்னர் அவற்றைப் படிக்கும் முறை கண்டு பதிப்பித்தோரும் நம் நாட்டிலேயே இருந்தனர். சுவடி இருவர்க்கும் ஒன்றே.

மற்றொன்று, ஆரவாரமின்றி நிற்கும் ஒன்றனை வேண்டாததென்று நிறுத்துமுன், அதனை நம்பி நிற்போர் யாவர் என்று கேட்டறிதல் வேண்டும். நமது கல்லூரி நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். பல்லாயிரம் நூல்கள் அங்கே உள. நூலட்டவணையை ஒரு நாள் மறைத்து வைத்தால் நூல் ஒன்றும் குறையப்போவதில்லை. ஆயினும் அன்று நமக்கு வேண்டிய நூல் கிட்டாது. அட்டவணையிலும் காணாத நூலை, “இரண்டாம் மாடியில், சாளரத்தை ஒட்டிய அலமாரியில், மேல் தட்டில் பாருங்கள்” என்று கூறியனுப்பும் ஊழியர் ஒருவர் இருப்பின், அவர் எழுதிய நூல் ஒன்றும் அங்கே இராது. அவர் பெயரைத் தாங்கிய கல்வெட்டும் இராது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் மட்டுமே அவர் பணி இன்னதென நாம் அறிகின்றோம். அவர் பணியில் இருக்கும் நாளிலேயே அறிந்து, ஒரு சொல் நன்றி கூறுதல் நமக்கு அரிதன்று.

கொடுப்போரை உலகம் தானே போற்றும்; கொடுப்போரிடத்து நம்மை அனுப்புவோரைப் போற்றுதல் நம் கடன் என்பதே எமது துணிபு.